அம்புக்கு எதிர்ப்பக்கம்

ஊரில் ஆளுக்கொரு கிறுக்கு இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குச் சாலைக் கிறுக்கு. சாலை என்பது ஓரிடம் போய்ச் சேருவதற்கு என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கும். அவர் கைபேசியில் ‘சாலைப் பித்தர்கள்’ என்று ஒரு குழு. எந்த மலைப்பாதை அழகு, எந்தப் பலகையில் எழுத்து சின்னது, எந்த அம்பு பொய் சொல்கிறது என்று பொழுது விடிந்தால் அடைந்தால் அதில் மல்லுக்கட்டுவார்கள். பெற்ற பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது என்று கேட்டால் யோசிப்பார்கள். எந்தப் பாலத்துக்கு அப்புறம் வேகத்தடை என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார்கள்.

குழுவுக்குள் இரண்டு கட்சி. பாதை கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும், வழி தப்பினால் தப்பட்டும் என்பது ஒரு கட்சி. அதன் தலைவர் ஒரு வங்கி ஊழியர், பட்டம் வளைவுக்காரர். பலகை சரியாக இருந்தால்தான் அது பாதை என்பது மறு கட்சி. அதற்குத் தலைவர் நம் கண்ணாடிக் கடைக்காரர், பட்டம் பலகையார். ‘இங்கே இயற்கைக் காட்சி’ என்று பலகை வைக்கலாமா கூடாதா என்று இருவரும் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார்கள். கூடாது என்பது பலகையாரின் கட்சி. அழகு தானாகத் தெரியாதவனுக்குப் பலகை வைத்தும் தெரியாது என்றார்.

இருவரும் ஒன்றாக நின்றது ஒரே விஷயத்தில். மலைக்கு மேலே பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பலகை. அக்கரை நகரத்துக்கு வலது பக்கம் போக வேண்டும். அம்போ இடது பக்கம் காட்டியது. இடது பக்கம் இருப்பது பழைய சாலை. ஏரியைப் பெரிதாக்கியபோது பாதி முழுகிப்போனது. சில வளைவுகள் இறங்கினால் சாலை நேராகத் தண்ணீருக்குள் போய்விடும். பலகையார் சாலைத் துறைக்குப் படம் மேல் படம் அனுப்பினார். தண்ணீருக்கு முன்னால் ஒரு தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் சேர்த்துக் கேட்போம் என்று வளைவுக்காரர் சொன்னபோது மட்டும் தட்டிக்கழித்தார்.

“அம்பு சரியாயிட்டா அந்தப் பக்கம் எவன் போகப்போறான்? வீண் பலகை எதுக்கு?”

பேச்சு அதோடு முடிந்தது. எச்சரிக்கைப் பலகையை யாரும் கேட்கவில்லை.

பலகையாருடைய அக்கா ஐம்பதை எட்டும் வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். “இத்தனை நாள் இல்லாத ஆசை இப்ப எதுக்கு?” என்று மாமா முணுமுணுத்தார். தம்பிதான் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் கொடுத்தார். அக்கா நன்றாகவே ஓட்டினாள். ஒரே குறை, இடது வலது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே குழப்பம். இடது என்றால் ஒரு நொடி யோசித்துவிட்டு நம்பிக்கையோடு வலது பக்கம் திரும்புவாள். அக்கரை நகரத்தில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கத் தனியாகப் போகிறேன் என்று அவள் கிளம்பியபோது, லாரிகள் அலறும் பெரிய சாலை வேண்டாம், மலைப்பாதையில் போ என்று வழி சொன்னதும் தம்பிதான்.

“பாதை பிரியிற இடத்துல ஒரு பலகை இருக்கும்க்கா. இடது வலதெல்லாம் யோசிச்சுக் குழம்பாதே. அந்த அம்பு தப்பு. அது எந்தப் பக்கம் காட்டுதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் திரும்பு. அவ்வளவுதான்.”

“நீ சொன்னாச் சரிதான்டா,” என்றாள் அக்கா.

இன்று காலையில் கிளம்பிவிட்டாள்.

கடையில் ஒரு தையல்காரம்மா சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கின் மேல் கனத்த சோதனைச் சட்டகம். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வந்தவள். பலகையார் ஒரு வில்லையை எடுத்து இன்னொன்றைப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மேசையில் கைபேசி விடாமல் அதிர்ந்தது.

“அதை முதல்ல பாருங்க. அது அதிர்ற அதிர்ச்சியில எனக்கே கூசுது,” என்றாள் தையல்காரம்மா.

எடுத்துப் பார்த்தார். வளைவுக்காரர் ஒரு படம் போட்டிருந்தார். அதே பலகை, ஆனால் புத்தம்புதுசு. பச்சை பளபளக்க, அம்பு வலது பக்கம் காட்டி நின்றது. ‘காலையில்தான் மாற்றினார்களாம். பலகையாரின் வெற்றி!’ கீழே வாழ்த்துகள் வரிசை கட்டின. பலகையாருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் கத்தியதற்கு ஒரு பலன்! படத்தைத் தையல்காரம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“இதுல என்ன இருக்கு? அம்பு வலது பக்கம் காட்டுது,” என்றாள் அவள்.

“அதான் விஷயமே! முன்னாடி இடது பக்கம் காட்டிச்சு. நான்தான் விடாம எழுதி எழுதி மாத்த வெச்சேன். இனிமே இதைப் பார்த்து வர்றவங்க…”

இதைப் பார்த்து இன்றைக்கு வருகிறவள் யார் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்பு வலது பக்கம் காட்டினால் அக்கா இடது பக்கம் திரும்புவாள். தம்பி சொன்ன சொல்லைத் தட்டாமல் திரும்புவாள்.

அக்காவைக் கூப்பிட்டார். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். மலையில் பாதித் தூரம் கைபேசி வேலை செய்யாது என்று குழுவில் பக்கம் பக்கமாக எழுதியவரே அவர்தான். வளைவுக்காரரைக் கூப்பிட்டார்.

“வாழ்த்துகள் பலகையாரே!”

“இருங்க. அங்க வெள்ளையா ஒரு சின்னக் கார் வந்துச்சா? கண்ணாடி போட்ட அம்மா, தனியா?”

“வந்துச்சே. பலகை முன்னாடி நிறுத்தி நல்லாப் பார்த்தாங்க. நான் கை ஆட்டினேன், சிரிச்சுக்கிட்டே கை ஆட்டினாங்க. அப்புறம் இடது பக்கம் இறங்கிட்டாங்க. மீன் பிடிக்கிறவங்க வண்டி அடிக்கடி அந்தப் பக்கம் போகும், அப்படி யாரோன்னு விட்டுட்டேன்.”

“அது எங்க அக்காய்யா!”

வளைவுக்காரர் படம் அனுப்பத் தொடர்பு தேடி மலையிலிருந்து கொஞ்சம் கீழே வந்திருந்தார். “இப்பவே திரும்பறேன்,” என்றார். வண்டிக் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

பலகையாருக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இங்கிருந்து கிளம்பினாலும் போய்ச் சேர மதியம் தாண்டிவிடும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவர் படம் எடுத்து, மனு எழுதி, கெஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு தடுப்பு இருந்தால் போதுமே! நாலு முளையும் ஒரு கயிறும் இருந்தால் போதுமே! வீண் பலகை என்று சொன்ன வாயை என்ன செய்வது?

கைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தார். மாமா.

“உங்க அக்கா போனை எடுக்கலையேப்பா. மழை வேற கொட்டுது.”

“மலையில சிக்னல் இருக்காது மாமா.”

“அதானே. எனக்குத்தான் மனசு கேக்கல.” மாமா கொஞ்சம் தயங்கினார். “பரவால்ல, நீ சொன்ன வழியிலதானே போறா. அப்ப பயமில்ல.”

“இல்ல மாமா,” என்றார் பலகையார். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. மாமா அதைத் தைரியம் சொன்னதாக எடுத்துக்கொண்டு வைத்துவிட்டார்.

தையல்காரம்மா சட்டகத்தைக் கழற்றாமலே எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“உக்காருங்க. யாரு, அக்காவா?”

“என் பேச்சைக் கேட்டுப் போனாங்க,” என்றார் அவர். கண் கலங்கிவிட்டது. “எதைச் சொன்னாலும் கேப்பாங்க. ஏன் கேக்கணும்?”

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடிக்கடி அதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் பாய்ந்து எடுத்தார்; ஒவ்வொரு தடவையும் எவனோ ஒருவன் கை தட்டும் படம் அனுப்பியிருந்தான்.

தண்ணீர் தீர்ந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்தது. வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, முகங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார். அப்புறம் வளைவுக்காரரின் அழைப்பு வந்தது. எடுக்க விரல் வரவில்லை. தையல்காரம்மாதான் எடுத்து அவர் காதில் வைத்தாள்.

“டேய் தம்பி!” அக்காவின் குரல். “உன் சிநேகிதர் ஓட்டமா ஓடி வந்து இந்தக் கரைமேட்டுக்குக் கூட்டிட்டு வந்தார். இங்கதான் உன்கூடப் பேச முடியுமாம். பாவம், அவருக்கு மூச்சு வாங்குது.”

“அக்கா… நீ நல்லா இருக்கியா? வண்டி எங்க?”

“நீ சொன்ன மாதிரியே அம்புக்கு எதிர்ப்பக்கம் திரும்பினேன்டா. இறக்கத்துல மூக்குக்கண்ணாடியில ஆவி படிஞ்சு புகை மாதிரி மூடிக்கிச்சு. ஒண்ணும் தெரியல. ஓரமா நிறுத்திட்டு அதைக் கழட்டித் துடைச்சேன். போட்டுப் பார்த்தா, முன்னாடி ஒரே தண்ணி! ரோடு அப்படியே உள்ள இறங்குது, நடுவுல போட்ட வெள்ளைக்கோடு கூட தண்ணிக்குள்ள தெரியுது. இவ்வளவு அழகா ஒரு இடத்தை நான் பார்த்ததே இல்ல. இதைக் காட்டத்தான் இந்தப் பக்கம் அனுப்பினியா?”

ஆவி படியாத வில்லை புதிதாக வந்திருக்கிறது, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் நல்லது, போட்டுக்கொள் என்று போன மாதம் அவர் அக்காவிடம் தலைபாடாக அடித்துக்கொண்டார். எனக்கு என் பழைய கண்ணாடியே போதும் என்று அவள் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து தம்பி சொல்லி அக்கா கேட்காதது அது ஒன்றுதான்.

“அக்கா, நான் சொன்னது தப்புக்கா. அம்பு சரியாயிடுச்சு. நான்தான் சரிபண்ண வெச்சேன். மாத்திட்டாங்கன்னு எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது.”

அக்காவுக்கு அது விளங்க ஒரு நொடி ஆனது. தண்ணீரைத் திரும்பிப் பார்த்திருப்பாள் போல. மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

“அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது இதுக்குத்தானா?”

“ஆமாக்கா.”

“சரி விடு. உன் மாமாகிட்ட இதைச் சொல்லாதே. அப்புறம் சாவியைத் தொட விடமாட்டார்.” அக்காவே தொடர்ந்தாள். “இப்ப திரும்பி மேல போனா அந்தப் பலகை வருமே. எந்தப் பக்கம் போகணும்?”

“வளைவுக்காரர் முன்னால போவார். அவர் பின்னாடியே போ.”

“அவர் போகட்டும். நீ சொல்லுடா. நீ சொன்னாத்தான் எனக்குத் தைரியம்.”

சாலைகளைப் பற்றிக் கேட்காமலே கருத்துச் சொல்லிப் பழகிய மனிதருக்கு நாக்கு எழும்பவில்லை. தையல்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முதல்ல கண்ணாடியை இன்னொரு தடவை நல்லாத் துடைச்சுக்கோக்கா,” என்றார்.