தோள் மாற்றாதவர்

"மெதுவா ஊத்துப்பா. அவருக்கு வலிக்கும்."

சின்னவன் செம்பைப் பாதியில் நிறுத்தினான். பலகையில் கிடந்த அத்தாவுக்கு, அவனைப் பெற்றவருக்கு, உயிர் போய் ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. விடியற்காலைத் தொழுகைக்கு எழுப்பப் போன அம்மாதான் முதலில் தொட்டுப் பார்த்தாள். இனிமேல் அவருக்கு என்ன வலிக்கப் போகிறது? கேட்கத்தான் வாயெடுத்தான். ஆனால் குளிப்பாட்டுகிறவர் முழங்கையை வாளிக்குள் விட்டு, பச்சைப் பிள்ளைக்குச் சூடு பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவன் செம்பை வைத்துவிட்டு வாளியை அவர் பக்கம் நகர்த்தினான்.

"இன்னும் கொஞ்சம் பச்சத் தண்ணி சேரு. சூடு தூக்கலா இருக்கு."

சேர்த்தான்.

"உசுரோட இருக்கறவனுக்கு எது நோகுமோ அது மய்யித்துக்கும் நோகும் தம்பி. நமக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கு. நகம் படக் கூடாது. விரல் மடங்கலன்னா பலவந்தமா மடக்கக் கூடாது. உடம்புல என்னத்தப் பாத்தாலும் வெளிய போய் மூச்சு விடக் கூடாது." சொல்லிக்கொண்டே இடுப்பில் போர்த்தியிருந்த துணி விலகாமல் அடியில் கைவிட்டுக் கழுவினார். "முப்பது வருசமா இந்த வேல பாக்கறேன். ஒரு தடவ கூடக் கண்ண இந்தத் துணிக்குள்ள அனுப்புனதில்ல."

சின்னவன் மறுபடி செம்பில் மொண்டான். நாற்பதைத் தொடப் போகிறவன்தான். அண்ணன் ஒருத்தன் கடல் தாண்டி வேலையில் இருப்பதால் இவன் இன்னும் சின்னவன். அத்தாவைப் போலவே சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். ஆயிரக்கணக்கான மூட்டைகளை இறக்கியிருக்கிறான். ஒன்றையாவது இத்தனை பதமாகத் தொட்டதாக ஞாபகம் இல்லை.

வலது தோளில் தண்ணீர் விழுந்தபோது அதைப் பார்த்தான். கழுத்து இறங்குகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, செருப்படித் தோல் போலத் தடித்துக் கறுத்திருந்தது. ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. தண்ணீர் அதன் மேல் நிற்காமல் உருண்டு ஓடியது. தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அவனுக்கும் இருந்தது, அதில் பாதி.

"குண்டு வெச்சானுங்களே," என்றார் குளிப்பாட்டுகிறவர், யாரிடமோ சொல்வது போல. "நம்ம மாதிரியே பேரு வெச்சுக்கிட்டுத்தான் வெச்சானுங்க. செத்தவனுக்கு ஊத்தற தண்ணியிலயே சூடு பாக்கச் சொல்ற மார்க்கம் இது. உசுரோட நிக்கறவன் மேல நெருப்ப வாரிப் போட்டவன், இதுல எந்தப் பக்கத்தப் படிச்சிருப்பான்? திருப்பு, இடது பக்கமா. மெதுவா."

மறைப்புக்குக் கட்டியிருந்த துணிக்கு வெளியே யாரோ கனைத்தார்கள். மாமா.

"மாப்ள, முடிஞ்சதும் வா. ஒரு விஷயம் பேசணும்."

விஷயம் என்னவென்று சின்னவனுக்குத் தெரியும்.

பதினோரு நாளைக்கு முன்பு பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து ஏழு பேர் செத்துப் போனார்கள். அதில் நாலு பேருடைய இறுதி ஊர்வலம் இந்தப் பெரிய தெரு வழியாகத்தான் போனது. வெளியே தலைகாட்டாதீர்கள் என்று பள்ளிவாசலிலேயே சொல்லியிருந்தார்கள். எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அத்தா மட்டும் நாலு தடவையும் போய்த் தெரு ஓரத்தில், வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

புதுப் பழக்கம் ஒன்றுமில்லை. யாருடைய சாவு போனாலும், எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் எழுந்து நின்றுவிடுவார். முதுகில் மூட்டை இருந்தாலும் அப்படியே நிற்பார். மேஸ்திரி கத்துவார், அவர் பாட்டுக்கு நிற்பார். பிணம் தெருமுனை திரும்பிய பிறகுதான் கால் நகரும். மார்க்கத்தில் சொல்லியிருக்கிறது என்பார்.

கடைக் காமிராவில் நாலு ஊர்வலத்திலும் ஒரே தாடிக்காரர் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வேவு பார்க்கிறான் என்று ஒருத்தர் போய்ச் சொல்ல, போலீஸ் வந்து அழைத்துப் போனது. சொன்னவர் டயர்க்கடைக்காரர். குண்டில் செத்த ஏழு பேரில் அவருடைய தம்பி ஒருத்தன். அண்ணனும் தம்பியுமாகத்தான் அந்தக் கடையை நடத்தினார்கள். இதையெல்லாம் சின்னவனிடம் போலீஸ்காரரே சொன்னார், மறைக்கிற விஷயமா அது என்பது போல.

முழுப் பகலும் உட்கார வைத்துவிட்டுச் சாயங்காலம் விட்டார்கள். திரும்பி நடக்கும்போது சின்னவனுக்கு வாய் அடங்கவில்லை.

"ஏன் அத்தா, வீட்டுல உக்காந்திருந்தா கொறஞ்சா போயிடுவீங்க? நீங்க ஒருத்தர் நிக்கறதுக்கு எங்க எல்லாரையும்ல நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறான்."

"போறது ஒரு உசுருப்பா. அது போறப்ப உக்காந்துட்டு இருக்கச் சொல்றியா?"

"அவங்களுக்கு அப்படித் தெரியலயே!"

"அவன் வெச்சது குண்டு. நான் வெச்சது மரியாத. ரெண்டும் ஒண்ணாவா தெரியும்?"

"தெரியுதுங்கறானே. தெரிஞ்சுதான கூட்டிட்டுப் போனான்?"

அத்தா முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு சின்னவன் அவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று ஐந்தாம் நாள். இனிப் பேசுவதாக இருந்தால் பலகையோடுதான் பேச வேண்டும்.

முன் அறையில் மாமா வேன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"பின்பக்கச் சந்து வழியா வேன்ல ஏத்திடுவோம். பத்தே நிமிசம். பெரிய தெருவுல போனா டயர்க்கடையத் தாண்டித்தான் போகணும். பெத்த புள்ள மாதிரி வளத்த தம்பியப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கான். வாய விட்டான்னு வெய்யி, நம்ம பசங்க சும்மா இருப்பானுங்களா? நாளைக்குப் பேப்பர்ல வேற மாதிரி வரும். ஒங்கண்ணன்கிட்டயும் பேசிட்டேன். அவனும் வேன்னுதான் சொல்றான்."

மாமா பேசியதில் தப்பு இல்லை. அதுதான் சின்னவனுக்குச் சங்கடமாக இருந்தது. சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

உள் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அழுது அடைத்த குரல், ஆனால் நிதானமாக.

"ஏன்டா தம்பி, அவரு ஒளிஞ்சு போற மாதிரி என்னடா செஞ்சாரு?"

"அக்கா, நெலம தெரியாமப் பேசாத."

"நெலம எனக்கும் தெரியும். சந்துல கொண்டு போனா, அவங்க சொன்னது நெசந்தான்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. நாப்பத்தஞ்சு வருசம் ஊரு சுமையெல்லாம் தூக்குன மனுசன். ஒரே ஒரு நாளு அவரத் தூக்க ஒங்களுக்குத் தோளு இல்லையா?"

 சின்னவன் அம்மா இருந்த கதவைப் பார்த்தான்.

"தோள்லதான் மாமா. பெரிய தெருவுலதான்."

மாமா சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். "சரி. அடி விழுந்தா நீ முன்னாடி வாங்கிக்க. நான் பின்னாடி கால்மாட்டப் புடிச்சுக்கறேன்," என்று முனகினார். ஆனால் முதல் ஆளாகக் குனிந்தவர் அவர்தான்.

சந்தூக்கு தோளேறியது. மய்யித்தைக் கிடத்திச் சுமக்கிற அந்த மரப்பெட்டிக்கு நாலு கைப்பிடி. யாரும் பத்து பதினைந்து அடிக்கு மேல் சுமப்பதில்லை. பின்னால் வருகிறவன் முழங்கையை லேசாகத் தட்டுவான், முன்னவன் விலகுவான், அவன் தோள் இருந்த இடத்தில் இவன் தோள் வரும். சந்தூக்கு நிற்கவே நிற்காது. வந்தவர் எல்லாருக்கும் அந்தப் புண்ணியத்தில் ஒரு பங்கு கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. சின்னவன் முன்பக்கம் வலது கைப்பிடியில் இருந்தான். ஐம்பது கிலோ கூடத் தேறாது. ஒரு சிமெண்ட் மூட்டை. கிடங்கில் இதை வைத்துக்கொண்டு கதை பேசியபடி மாடி ஏறுவான். இன்று ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தான்.

முப்பது பேர் இருப்பார்கள். மய்யித்தோடு சத்தமாகச் சொல்லிப் போகிற கலிமாவைக் கூட வாய்க்குள்ளேயே சொன்னார்கள். பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியது. பயத்தாலா மரியாதையாலா என்று தெரியவில்லை. தூரத்திலேயே டயர்க்கடையின் கம்ப்ரஸர் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு லாரி டயர் படுத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் கடைக்காரர் குந்தியிருந்தார், கையில் கடப்பாரையோடு.

கிட்டே வரவும் கம்ப்ரஸர் நின்றது. அவர் எழுந்தார்.

"நிக்காத, நடந்துட்டே இரு," என்று பின்னாலிருந்து மாமா பல்லுக்குள் சொன்னார்.

கடைக்காரர் கடப்பாரையைத் தரையில் போட்டார். கிரீஸ் கையைப் பனியனில் துடைத்தார். நேராகத் தெருவுக்குள் இறங்கி வந்தார். வாலிபப் பையன்கள் இரண்டு பேர் முன்னால் பாய்ந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. இடது முன் கைப்பிடியைச் சுமந்திருந்த பள்ளிவாசல் கணக்கரிடம் போய், "கொஞ்சம் விடுங்க," என்றார். கணக்கர் பயந்தே விட்டார். சந்தூக்கின் கீழே டயர்க்கடைக்காரரின் தோள் ஏறியது.

கலிமா நின்றுபோனது. காலடிச் சத்தம் மட்டும். சின்னவனுக்கு ஒரு முழத் தூரத்தில் அவர் மூச்சு கேட்டது. அத்தாவின் தலை இரண்டு பேருக்கும் நடுவில், மேலே.

பத்தடி ஆனது. பின்னால் வந்தவன் வழக்கம் போல அவர் முழங்கையைத் தட்டினான். தன்னைத் தாங்கத்தான் தொடுகிறான் என்று நினைத்துவிட்டார் போல. "பரவால்ல, பரவால்ல," என்று சொல்லி இன்னும் இறுக்கிப் பிடித்தார். இருபதடி. இன்னொருத்தன் தட்டினான். "பரவால்லங்க." மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. தூக்கினால் சேர்கிற இடம் வரை தூக்குவது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. யார் போய்ச் சொல்வது? இன்னொரு கை அவர் முழங்கை வரை நீண்டு, தொடாமல் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை.

பெட்டியின் விளிம்பு தோள் எலும்பில் ஏறியிருந்தது. பத்து நிமிடத்தில் தோல் கிழியும் என்று தூக்குகிறவனுக்குத் தெரியும்.

"கழுத்தோட ஒட்டி வெய்ங்கண்ணே," என்றான் சின்னவன், முன்னால் பார்த்தபடியே. "எலும்பு மேல வேணாம்."

அவர் நகர்த்தி வைத்தார். "இப்படியா?"

"ஆமா."

சின்னவனும் மாற்றவில்லை.

கலிமா மறுபடி தொடங்கியபோது முன்பைவிடச் சத்தமாக இருந்தது. இறக்கிய ஷட்டரை ஒருத்தர் முழங்கால் அளவுக்கு உயர்த்தி எட்டிப் பார்த்தார். அப்புறம் முழுசாக உயர்த்தினார்.

பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கி வைத்தார்கள். எல்லாரும் வரிசை கட்டினார்கள். எங்கே போவது என்று தெரியாமல் டயர்க்கடைக்காரர் அங்கேயே நின்றார். இமாம் அவர் கையைப் பிடித்து வரிசையின் ஓரத்துக்குக் கூட்டி வந்தார். "நீங்க இப்படி நின்னாப் போதும்ங்க." இந்தத் தொழுகையில் குனிவது கிடையாது, நெற்றியைத் தரையில் வைப்பதும் கிடையாது. ஆரம்பம் முதல் முடிவு வரை நிற்பதுதான். முப்பது பேருக்கு நடுவில் தொழாத ஆள் எவர் என்று பின்னாலிருந்து பார்த்தால் சொல்லியிருக்க முடியாது. கிரீஸ் பனியனும், வலது பக்கம் ஒட்டிய ரத்தப் புள்ளியும்தான் வித்தியாசம்.

அடக்கம் செய்கிற மையவாடி பள்ளியை ஒட்டியே இருந்தது. குழிக்குள் இறங்கி அத்தாவை வாங்கிக் கிடத்திவிட்டு மேலே ஏறியபோது, சின்னவனுக்குக் கை கொடுத்துத் தூக்கியது அவர்தான்.

"போலீஸ்ல நான்தான் சொன்னேன் தம்பி."

"தெரியும்ணே."

"தெரியுமா?" குழிப் பக்கம் திரும்பினார். "அவருக்கும் தெரியும். மறுநாளே கடைக்கு வந்தாரு. சண்டைக்கு வர்றாருன்னு நெனச்சுக் கடப்பாரையக் கையில எடுத்தேன். லாரி டயரு ஒண்ணு கெடந்துச்சு. அது ரெண்டு பேரு புடிக்கறது. நானும் தம்பியும்தான் புடிப்போம். இவரு பேசாம வந்து அந்தப் பக்கம் குனிஞ்சாரு. தூக்குனோம். போயிட்டாரு. அடுத்த நாளும் வந்தாரு. நேத்து சாயங்காலம் வரைக்கும் வந்தாரு."

அத்தா கடைத்தெரு வரை நடந்துவிட்டு வருகிறேன் என்றுதான் தினமும் வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்.

"நேத்துதான் கேட்டேன், ஏன்யா வர்றீருன்னு. ஒத்த ஆளு தூக்குற சாமானாப்பா இதுன்னாரு. அம்புட்டுத்தான்."

மண் போட ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொருத்தராகக் குனிந்து, கையால் அள்ளிப் போட்டுவிட்டு விலகினார்கள்.

"எத்தனை?" என்றார்.

"மூணு கை."

ஒன்று போட்டார். இரண்டு. மூன்று. மறுபடி குனிந்து இன்னொரு பிடி அள்ளினார். அதைப் போடவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டு நின்றார்.

எல்லாம் முடிந்து வாசல் குழாயடியில் ஒவ்வொருத்தராகக் கால் கழுவினார்கள். அவர் முறை வந்தது. வலது கை மண்ணோடு மூடியே இருந்தது. இடது கையால் குழாயைத் திறந்து, ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக் கழுவினார். மூடிய கையைத் தண்ணீர் படாமல் நெஞ்சோரம் உயர்த்திப் பிடித்திருந்தார். பிறகு தெருவில் இறங்கி நடந்தார்.

சின்னவன் குழாயை மூடினான்.