ஆறு பேருக்கு ஐந்து மெஷின்

ஹங்கேரி என்கிற நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கார்த்திகாவுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிற ஒரு கணக்கு, இரண்டு நாளாக அவளை நிம்மதியாகச் சோறு தின்னவிடவில்லை. ஹங்கேரியன் மெத்தட். நான்கு தடவை போட்டுப் பார்த்துவிட்டாள். நான்கு தடவையும் ஒரே விடைதான் வந்தது. கணக்குப் போட்ட பிள்ளை இதற்குச் சந்தோஷப்படத்தானே வேண்டும்? இவளோ பேயறைந்த மாதிரி நோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரியில் எம்.பி.ஏ. இரண்டாம் வருஷம். ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் பாடம் எடுக்கிற ஜெபக்குமார் சார், வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "புக்ல இருக்க கணக்கக் கொண்டுவந்தா கையால தொட மாட்டேன். ஏதாவது ஒரு தொழில் நடக்கிற இடத்துக்குப் போங்க. யாருக்கு எந்த வேலை கொடுத்தா மொத்த நேரம் குறையும்னு கண்டுபிடிங்க. ஆளுக பேர் போடாதீங்க, நம்பர் போடுங்க. புதன்கிழமை என் மேஜைக்கு வந்திரணும்."

கார்த்திகா போன இடம் தளவாய்புரம், மதார் சாகிப்பின் நைட்டி கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஆறு மெஷின், ஆறு பெண்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒன்றரை ஃபேன். அரை ஃபேன் என்பது நினைத்தால் சுற்றும், நினைக்காவிட்டால் நிற்கும். கார்த்திகாவின் மதினி மாரிக்கனி அங்கேதான் தைக்கிறாள். அண்ணன் பட்டாளத்தில், ராஜஸ்தான் பக்கம் எங்கோ இருக்கிறான். மதினி ராஜபாளையத்து வீட்டிலிருந்து தினமும் மினிபஸ் பிடித்துப் போய்வருவாள்.

மதார் சாகிப் அனுமதி கொடுத்தார். கூடவே ஒரு கொக்கியும் போட்டார். ஆறு பெண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்: "கேரளா ஆர்டர் கொறைஞ்சுபோச்சு. ஒரு மெஷின வெலைக்குக் குடுக்கப் போறேன். இனிமே அஞ்சுதான் ஓடும். யார நிறுத்தன்னு எனக்கு நெஞ்சு வரமாட்டேங்குது. நீ படிச்ச புள்ள. ஒன் கணக்கு யாரச் சொல்லுதோ அவுகதான். எம்மேல யாரும் வருத்தப்படக் கூடாது, ஆமா."

கார்த்திகா பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டிவிட்டாள். அவளுக்குப் பிராஜெக்ட் கிடைத்த சந்தோஷம். தலையை ஆட்டும்போது எவளுக்குத்தான் பின்னால் வருவது தெரிகிறது?

ஆறு பேரும் ஐந்து வேலையையும் தைத்துக் காட்டினார்கள். கழுத்துப்பட்டி, ஜிப், கை மூட்டுதல், ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக், அடிமடிப்பு. கார்த்திகா போனில் நேரம் பார்த்து எழுதினாள். முப்பது நேரம், ஆறு வரிசை. ஆள் ஆறு, வேலை ஐந்து என்றால் இந்த ஹங்கேரியன் கணக்கு நடக்காது. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். அதற்காக இல்லாத வேலை ஒன்றைச் சேர்த்து, அதன் கீழே வரிசையாகப் பூஜ்யம் போட வேண்டும். அதற்கு டம்மி என்று பெயர். கடைசியில் டம்மி யாருக்கு விழுகிறதோ, அவருக்கு வேலை இல்லை.

டம்மி நான்காம் நம்பருக்கு விழுந்தது. நான்காம் நம்பர் மாரிக்கனி.

இங்கேதான் கார்த்திகாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆனது. கம்பெனியில் வேகமான கை மாரிக்கனியின் கைதான் என்பது தளவாய்புரத்துக்கே தெரியும். மற்றவர்கள் கோணலாக்கின துணியை நேராக்கச் சொல்லி மதார் பாய் கொண்டுவந்து போடுவதும் அவள் மடியில்தான். ஆனால் நோட்டில் பார்த்தால், ஐந்து வேலையிலும் கடைசி அவள். ஜிப் வைக்க மற்றவர்களுக்கு மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம், மதினிக்கு ஏழரை. ஐம்பத்தாறு வயது சுடலையம்மாளே இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடியில் வைத்துவிட்டாள். போன் கெட்டுப்போயிற்றா? வரிசை மாறிப்போயிற்றா? இல்லை, மதினி வேண்டுமென்றே செய்தாளா?

இந்தக் கடைசிச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் ஒரு ரப்பர் வளையம். மிக்ஸி ஜார் மூடியில் இருக்குமே, அது. அதைத் தொலைத்தது யார் என்று நேரம் எடுப்பதற்கு முந்தின நாள்தான் மதினிக்கும் நாத்தனாருக்கும் வாய்த்தகராறு வந்து, சட்னி அரைபடாமலே இட்லி ஆறிப்போனது. அந்தக் கோபத்தில் என் பிராஜெக்டைக் கெடுத்துவிட்டாளோ என்று கார்த்திகாவுக்குப் பட்டது. பட்டதும் எரிச்சல் வந்தது. எரிச்சலோடு பயமும் வந்தது. இந்த விடை வெளியே தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? நாத்தனார் தன் வேலையைக் காட்டிவிட்டாள் என்று சொல்லும். கணக்கு சொன்னது என்றால் எவள் நம்புவாள்?

திங்கட்கிழமை காலையில் பாய் போன் போட்டுக் கேட்டார். அவசரத்தில் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள். நல்லவேளை, அதில் பெயர் இல்லை. பாய் உடனே திரும்பக் கூப்பிட்டு, "நாலுன்னு போட்டிருக்கியே, அது யாரும்மா?" என்றார். நேரில் வந்து சொல்வதாகச் சொல்லித் தப்பித்தாள்.

சாயங்காலம் மாரிக்கனி வேலை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு தொடங்கிவிட்டது.

"ஏட்டி கார்த்தி, அந்த நாலு யாருன்னு சொல்லித் தொலையேன். இன்னைக்குப் பூரா கம்பெனியில ஒருத்திக்கும் கை ஓடல. நாலு நாலுன்னு இதே பேச்சுதான்."

"நாளைக்கு வந்து சொல்லுதேன் மதினி."

"சுடலையம்மா அக்கா மட்டும் இல்லல்ல? அது ஒத்தைக் கட்டை. இந்த வேலையும் இல்லைன்னா அது என்னத்துக்கு விடியணும்? வேற யாருன்னாலும் சமாளிச்சுக்கிடுவாக."

கார்த்திகாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "மதினி, நீங்க அன்னைக்கு ஏன் அம்புட்டு மெதுவாத் தச்சீங்க?" என்று கேட்டேவிட்டாள்.

மாரிக்கனி அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "பொறவு? கோணல்மாணலாத் தச்சு ஒனக்கு மார்க்கு கொறையவா? நீதான சொன்ன, நாங்க தைக்கிறத வச்சுத்தான் மார்க்குன்னு. அந்தக் கழுத்துப்பட்டிய ரெண்டு தடவ பிரிச்சுத் தச்சேன், தெரியுமா? ஒரு தையல் கூடக்கொறைய இல்ல. அந்தச் சாருட்ட கொண்டுபோய்க் காட்டு, அசந்துபோவாரு."

"நான் நேரம்ல மதினி பார்த்தேன்!"

"பரீட்சைக்குந்தான் நேரம் பாக்காக. மொதல்ல எழுதிக் குடுத்தவனுக்கா மார்க்குப் போடுதாக?"

கார்த்திகாவுக்கு வெட்கமாக இருந்தது. ரப்பர் வளையத்துக்குப் பழிவாங்கினாள் என்று நினைத்தோமே, இந்தப் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். நாலு நீங்கதான் என்று சொல்ல வாய்வரை வந்தது, வந்ததோடு சரி.

மறுநாள் இருவரும் ஒரே மினிபஸ்ஸில் போனார்கள். வழி நெடுக அவள் மனது இரண்டு பக்கமும் இழுத்தது. நம்பருக்கு உரிய பெயர் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நாலு என்பது வேறு யாரோ என்று சொல்லிவிட்டால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் யார் பெயரைச் சொல்வது? மூன்று பிள்ளை வைத்திருக்கிற நூர்னிசாவையா? இல்லை, கணக்கே தப்பு என்று சொல்வதா? தப்பு என்றால் நாளைக்கு ஜெபக்குமார் சார் மேஜையில் எதை வைப்பது? கம்பெனி வாசல் வந்தபோதும் அவளுக்கு ஒன்றும் தெளியவில்லை.

உள்ளே ஆறு மெஷினும் பேசாமல் நின்றன. மாரிக்கனி போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சொல்லும்மா" என்றார்.

"நாலு எங்க மதினிதான், பாய்."

மாரிக்கனி நாத்தனாரின் முகத்தையே பார்த்தாள். "நானா?" என்று கேட்டாள். கார்த்திகா அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மதினி மார்க்குக்காக மெதுவாகத் தைத்தது, அது தெரியாமல் தான் எழுதியது, நான்கு தடவை போட்டும் டம்மி அவளுக்கே விழுந்தது, எல்லாம்.

முதலில் சிரித்தவள் நூர்னிசா. பிறகு கொட்டகையே சிரித்தது. "மாரிக்கனிக்கு வேலை இல்லைன்னு சொல்லுத கணக்க வச்சு ஒரு காக்காயக் கூட வெரட்ட முடியாதும்மா" என்று பாய் போட்டோவை அழித்தார். மாரிக்கனிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

சுடலையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்து வயர்கூடையில் வைத்தாள்.

"எங்கக்கா கெளம்பிட்ட?" என்றாள் மாரிக்கனி.

"அந்தக் கணக்கு தப்புன்னா சரியான கணக்கு நான்தான, தாயி. அன்னைக்கு நான் ஓட்டுன ஓட்டம் எனக்குத்தான் தெரியும். இந்தக் கண்ண வச்சுக்கிட்டு அஞ்சு வேலையையும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஓட்டுனேன். ஊசி வெரல்ல ஏறிப்போச்சு, காட்டாம மறைச்சுட்டேன். பாயி எல்லார்ட்டயும் சொல்லுததுக்கு முந்தி நானே போயிருதேன்."

இடது கை ஆள்காட்டி விரலில் அழுக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பாய் தரையைப் பார்த்தார். ஒருத்தி மெதுவாகத் தைத்தாள், ஒருத்தி வேகமாகத் தைத்தாள், நானோ இரண்டையும் நிஜம் என்று நினைத்துப் புள்ளி வைத்து எழுதியிருக்கிறேன் என்று கார்த்திகா நினைத்துக்கொண்டாள். முப்பது எண்ணில் எதுதான் நிஜம் என்று யாரைக் கேட்பது?

மாரிக்கனி சட்டென்று எழுந்து கூடையைப் பிடுங்கிக்கொண்டாள். "உக்காருக்கா. பாய், எங்க அப்பா வீட்டுக் கெணத்துல ஏழு பங்காளிக. மோட்டாரு ஒண்ணுதான். ஒரு நாளைக்கு ஒருத்தருன்னு மொறை வச்சுத்தான் தண்ணி பாயுது. ஏழு பேருல ஒருத்தன, நீ கெணத்தவிட்டே போன்னா சொல்லுதாக?"

"அதுக்கு?"

"கம்பெனி வாரத்துல ஆறு நாளு. நாங்க ஆறு பேரு. ஆளுக்கு ஒரு நாளு அந்த டம்மியோ கிம்மியோ, அதுவா இருந்துட்டுப் போறோம். அஞ்சு மெஷினும் நிக்காம ஓடும். என்னங்கடி?"

மற்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். நூர்னிசா, "எனக்கு வெள்ளிக்கெழம குடுத்துருங்க" என்றாள். அதோடு பேச்சு முடிந்த மாதிரி ஆகிவிட்டது. பாய் விரலை மடக்கி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. "ஆர்டர் மட்டும் பிந்தக் கூடாது" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

கார்த்திகாவுக்குக் குழப்பம் கூடித்தான் போயிற்று. டம்மி ஒருவருக்குத்தான் விழும் என்று புத்தகத்தில் இருந்தது. எத்தனை நாளைக்கு என்று அதில் இல்லை; அவளும் கேட்கவில்லை. இதை ஹங்கேரியன் மெத்தடில் எந்த இடத்தில் எழுதுவது? ஜெபக்குமார் சார் கேட்டால் என்ன சொல்வது? நோட்டை மூடவும் மனதில்லாமல், திறக்கவும் மனதில்லாமல் நின்றாள்.

சுடலையம்மாள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு ஜிப்பை எடுத்துப் பொருத்தினாள். பிறகு கார்த்திகாவைக் கூப்பிட்டாள்.

"ஏ தாயி, நாளைக்குக் குடுக்கணும்ல? போன எடுத்து நேரத்தப் பாரு. இப்ப நெசமாத் தைக்கேன்."

கார்த்திகா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஐந்து நிமிஷம், நாற்பது விநாடி. அப்படியே எழுதினாள்.