ஐந்தாவது வளைவு

பொழுது புலரும் முன்பே மலைச்சரிவில் சம்மட்டிச் சத்தம் கிளம்பிவிட்டது. மூன்று நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. பாறை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. மலைமேலுள்ள காட்டுக்குப் பொதுமக்கள் போய்வர அரசு நிதியில் போடும் பாதை அது. நெட்டையன் பாறையை உடைத்தான். அவன் மனைவி கல்லைச் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்தாள்.

ஐந்தாவது வளைவில் சரிவைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள்.

"மேல விரிசல் விட்டிருக்குங்க. தடுப்புச் சுவரைக் கட்டிட்டு அடியில இறங்குறோமே," என்றான் நெட்டையன்.

"மாசக் கடைசிக்குள்ள பாதை முடியலேன்னா நிதி திரும்பிப் போயிடும்," என்றார் காண்ட்ராக்டர். "சுவரு எங்க ஓடிப்போகுது? அப்புறம் கட்டிக்கலாம். மேஸ்திரி, ஆளை இறக்கு."

மேஸ்திரி தலையாட்டினார். நெட்டையன் இறங்கினான்.

பத்து மணிக்குச் சரிவு அவன்மேல் சரிந்து இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. மூட்டை அவிழ்ந்து கொட்டியது போல ஒரு சரசரப்பு, அவ்வளவுதான். காலிச் சட்டியோடு வந்துகொண்டிருந்த மனைவி வெறுங்கையால் மண்ணை வாரினாள். நகம் பிய்ந்தது அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தார்கள். முந்தானையை நனைத்து அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா," என்றார் மேஸ்திரி.

"காதுல இன்னும் மண்ணு இருக்கு அண்ணே."

உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள் காலை, தொழிலாளர் தங்கும் தகரக் கொட்டகைக்குக் காண்ட்ராக்டர் ஒரு தாளோடு வந்தார்.

"கையெழுத்துப் போடும்மா. ஆஸ்பத்திரியில பேசி மத்தியானமே உடம்பை வாங்கித் தந்துடுறேன். இல்லேன்னா எத்தனை நாளாகுமோ."

"படிங்கண்ணே," என்று அவள் தாளை மேஸ்திரியிடம் நீட்டினாள்.

மேஸ்திரி படித்தார். குடித்துவிட்டு, சொல்பேச்சு கேளாமல் இறங்கினான் என்று எழுதியிருந்தது.

"அந்த வாடையே அவருக்கு ஆகாதே," என்றாள்.

"செத்தவனுக்கு இதுல என்னம்மா நட்டம்?" என்றார் காண்ட்ராக்டர்.

"எம் பொண்ணு ஒருநாள் கேப்பா. என்ன சொல்லுவேன்?"

காண்ட்ராக்டர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் நிக்கிறீங்க? வேலைக்குக் கிளம்புங்க."

யாரும் நகரவில்லை. மேஸ்திரி தாளை அவர் கையிலேயே திணித்தார்.

"நீங்க சொன்னீங்க, நான் அவனை இறக்கிவிட்டேன். இதைத்தான் எழுதணும். சுவரு கட்டாம இனி ஒருத்தரும் இறங்க மாட்டோம்."

"நாளைக்கே வேற ஆள் கொண்டு வருவேன்."

"வரட்டும். அவங்ககிட்டயும் சொல்லுவோம்," என்றாள் பின்னாலிருந்து கல் உடைப்பவள் ஒருத்தி.

எல்லோரும் சேர்ந்து அடிவாரத்திலிருந்த பொறியாளர் அலுவலகத்துக்கு இறங்கினார்கள். பொறியாளர் நாளைக்குத்தான் வருவார் என்றான் காவலாளி. அதனால் என்ன என்று மழைத் தூறலில் வாசலிலேயே உட்கார்ந்தார்கள்.

அதுவரை அழாதவள் அப்போதுதான் உடைந்தாள்.

"இன்னைக்கும் அங்க தனியாக் கிடப்பாரே அக்கா."

கல் உடைப்பவள் அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

"தனியா இல்லடி. நம்ம ஆளுங்க நாலு பேரு நேத்துலேர்ந்து ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்காங்க. அவரை வாங்காம எழுந்திரிக்க மாட்டாங்க."