தூக்காத கை

“அந்த ஜட்ஜு பேரு என்ன, மார்லிஸ்?” என்று வெர்னா கேட்டதும் மார்லிஸின் கையிலிருந்த காப்பி மடியில் சிந்தியது. நல்லவேளை, கறுப்பு உடை. கறை தெரியவில்லை.

கணவன் ஓரினைப் புதைத்துவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நீள மேசைகளைப் போட்டு, பன்றி இறைச்சி வைத்த பன்னும் உருளைக்கிழங்கு சாலட்டுமாக ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

“பேரா? ஞாபகம் வரல.”

“உனக்கு வராது. இருக்கிற நிலைமை அப்படி. நான் விசாரிச்சுக்கிறேன். மினியாபொலிஸ் பேப்பருக்கே எழுதப் போறேன் பாரு. எவனோ ஒருத்தன் தன் படகுக் கொட்டகையைத் தானே கொளுத்தினானா இல்லையான்னு முடிவு பண்றதுக்கு, மூச்சுக்குத் தவிக்கிற புருஷனை வீட்ல வெச்சிருக்கிறவதான் கெடச்சாளா? மனுஷங்களா இவங்க?”

வெர்னா ஓரினின் அக்கா. மெதுவாகப் பேசினாலே நாலு மேசைக்குக் கேட்கும். அப்போது அவள் மெதுவாகப் பேசவும் இல்லை. சுற்றியிருந்தவர்கள் மார்லிஸைப் பார்த்து “பாவம்” என்றார்கள். அந்தப் ‘பாவம்’ தனக்குச் சேராது என்று அவளுக்குத் தெரியும்.

ஏனென்றால், நீதிபதி கேட்டிருந்தார். போன திங்கட்கிழமை, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்கு ஊராரில் ஆள் பொறுக்கும்போது, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன்மையாகத்தான் கேட்டார். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள், வேறு ஏதாவது கஷ்டம் உள்ளவர்கள், கையைத் தூக்குங்கள், அனுப்பிவிடுகிறேன் என்றார். நான்கு கைகள் உயர்ந்தன. மாடு ஈனப்போகிறது என்று சொன்னவனைக்கூட அனுப்பிவிட்டார். மார்லிஸ் தன் கையைக் கைப்பைக்கு அடியில் செருகிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஓரினைப் பிடிக்காமல் இல்லை. முப்பத்தொரு வருஷம் வாழ்ந்தவள், பிடிக்காமல் எப்படி இருக்கும்? ஆனால் இரண்டு வருஷமாக அந்த ஆக்ஸிஜன் மிஷினின் சத்தத்தோடு எழுந்து, அந்தச் சத்தத்தோடு படுத்தவள். ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்து, யாரோ ஒருவனுடைய தொல்லையைக் காதில் வாங்கிக்கொள்வது அவளுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. ஜூரி அறையில் யாரோ காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் இரண்டு தடவை வாய்விட்டுச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

வழக்கைப் பற்றி வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்பது சட்டம். ஓரினுக்கு அது பொறுக்கவில்லை. “கொஞ்சமாச்சும் சொல்லேன். நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்? மாடிப்படி ஏறவே எனக்கு மூச்சு இல்ல,” என்று நச்சரித்தான். புதன்கிழமை காலை, கிளம்பும்போது சொன்னான்: “தீர்ப்பு வந்ததும் மொதல்ல எனக்குத்தான் சொல்லணும். வெர்னாவுக்கு முன்னாடி.”

அன்று மதியம் ஜூரி தீர்ப்பை முடிவுசெய்யக் கூடியபோது எல்லாருடைய போன்களையும் கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான்கு மணிக்குத் திருப்பிக் கொடுத்தபோது அவளுடையதில் பதினோரு அழைப்புகள் இருந்தன. பதினொன்றும் வெர்னா.

இன்று சவப்பெட்டியை மூடுவதற்கு முன் மார்லிஸ் குனிந்து அவன் காதில் தீர்ப்பைச் சொன்னாள். பார்த்தவர்கள் முத்தம் கொடுக்கிறாள் என்று நினைத்து அழுதார்கள்.

“என் தம்பி தனியா கிடந்து செத்தான்,” என்று வெர்னா பக்கத்து மேசைக்காரர்களிடம் தொடங்கியிருந்தாள். “புதன்கிழமை அவன்கூட நான்தான் இருந்தேன், ரெண்டு மணிக்கு மருந்து வாங்கப் போனேன். கடையில ஒரே கூட்டம். திரும்பி வர மூணு ஆகப் பத்து நிமிஷம். அதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பொண்டாட்டிய விட்டிருந்தா பக்கத்துல இருந்திருப்பா, இல்லையா?”

மார்லிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது மருந்துக் கடையிலிருந்து போன் வந்தது. பதிவு செய்த குரல். ஓரினின் மருந்து புதன்கிழமை காலையிலிருந்து தயாராக இருக்கிறது, இன்னும் யாரும் வாங்க வரவில்லை என்றது. வெர்னாவிடம் அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஒருத்தியைக் கேட்டால் அவள் நம்மைத் திருப்பிக் கேட்பாள் என்று பயம்.

அப்போதுதான் டெல்ஃபின் படியிறங்கி வந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். மூன்று நாளும் ஜூரியில் மார்லிஸுக்குப் பக்கத்து நாற்காலி. கையில் மூடி போட்ட கேக் தட்டு. அவளைக் கண்டதும் மார்லிஸ் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தாள். கைப்பைக்கு அடியில் போன கையை இந்த உலகத்தில் பார்த்த ஒரே ஆள் அவள்.

“நீங்களும் ஜூரியில இருந்தீங்கல்ல?” வெர்னா அவளை உட்காரக்கூட விடவில்லை. “நீங்களே சொல்லுங்க. இவ நிலைமைய அந்த ஆளு கேட்டாரா, இல்லையா?”

டெல்ஃபின் கேக் தட்டை மேசையில் வைத்தாள். மார்லிஸைப் பார்த்தாள்.

“கேட்டாரு,” என்றாள் டெல்ஃபின். “இவ கையைத் தூக்கினா. நான் பக்கத்துலதான் இருந்தேன். அவரு இந்தப் பக்கம் பாக்கல.”

“பாத்தியா!” வெர்னா மேசையைத் தட்டினாள். “அப்போ சும்மா விடமாட்டேன். அங்க பேசுறத ஒரு எழுத்து விடாம தட்டி வெக்கிறாங்கல்ல? அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குறேன். திங்கக்கிழமை மொத வேலை அதுதான். அவரு வாயில வந்ததெல்லாம் அதுல இருக்கும்.”

டெல்ஃபின் மார்லிஸின் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள். நல்ல மனசோடு சொன்ன பொய். அதுதான் மார்லிஸின் கழுத்தில் கயிறாக விழுந்தது. அந்தக் காகிதத்தில் கை தூக்கிய நான்கு பேரின் பெயரும், அவர்கள் சொன்ன காரணமும் வரிசையாக இருக்கும். தன் பெயர் இருக்காது. அதை வெர்னா விரல் வைத்துப் படிப்பாள்.

சாயங்காலம் வெர்னாதான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வந்தவள் போகவில்லை. ஊரார் கொடுத்தனுப்பிய சாப்பாட்டை ஃபிரிட்ஜில் அடைத்துவிட்டு, காலையிலிருந்து கிடந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள். மார்லிஸ் துடைக்கும் துணியோடு பக்கத்தில் நின்றாள். கூடத்தில் ஆக்ஸிஜன் மிஷின் அணைந்து கிடந்தது. வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. எந்த நிமிஷமும் அவன் கூப்பிடுவான் என்று அவள் காது அங்கேயே இருந்தது.

“திங்கக்கிழமை நீயும் வரணும். உன் கையெழுத்து கேப்பாங்க,” என்றாள் வெர்னா.

மார்லிஸ் துணியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வெர்னா, அந்தக் காகிதத்தை வாங்க வேண்டாம்.”

“ஏன்? பயப்படுறியா? ஜட்ஜுன்னா கொம்பா மொளச்சிருக்கு?”

“நான் கையைத் தூக்கல.”

வெர்னா திரும்பவில்லை.

“அவரு நல்லபடியாதான் கேட்டாரு. வீட்ல யாராச்சும் நோயாளி இருக்காங்களான்னு கேட்டாரு. நான் தூக்கல. டெல்ஃபின் எனக்காகப் பொய் சொன்னா. எனக்கு அங்க உக்காந்திருக்கணும்போல இருந்துச்சு, வெர்னா. வீட்டுக்கு வரணும்னே தோணல.”

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெர்னா கையிலிருந்த தட்டை ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கத்துவாள், ஊருக்கெல்லாம் சொல்வாள் என்று மார்லிஸ் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

வெர்னா குழாயை மூடினாள்.

“ஏரியில உறைஞ்சிருந்த பனிக்கட்டி உடைய ஆரம்பிச்சிருந்துச்சு அன்னைக்கு,” என்றாள். அவள் குரல் அவளுடையது போலவே இல்லை. “கரையில வண்டிய நிறுத்திட்டு, கொஞ்ச நேரம் பாப்போம்னு உக்காந்தேன்.”

மருந்துக் கடை இருப்பது ஊரின் அந்தக் கோடி. ஏரி இந்தக் கோடி. மார்லிஸ் கையை நீட்டினாள். வெர்னா அந்த ஈரத் தட்டை அதில் வைத்தாள்.