பகடி வீடு

மும்பை மாட்டுங்காவில் அந்தப் பழைய கட்டடத்தின் மூன்று மாடி ஏறி வந்த வெங்கடராமன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, லிஃப்ட் இல்லையா என்று கேட்டார். இல்லை என்பது அவர் முழங்காலுக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டு, இல்லை என்று எதிராளியின் வாயால் சொல்ல வைப்பதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது.

இல்லை என்றார் சுப்ரமணியன், கட்டடத்தைத் தானே அரைகுறையாகக் கட்டிவிட்டவர் போல.

"எங்க மேடவாக்கத்துல பிளாக்குக்கு ரெண்டு," என்று சொல்லிவிட்டு வெங்கடராமன் உள்ளே வந்தார்.

சுப்ரமணியனின் மகள் வந்தனா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர்தான் அவளுக்கு மாமனாராக வரப்போகிறவர். அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கியபடி அவர் மனைவி, அவளுக்கும் பின்னால் பத்ரி.

பத்ரியும் வந்தனாவும் பாந்த்ராவில் ஒரே அலுவலகம். இரண்டு வருடப் பழக்கம். அவன் செம்பூரில் மூன்று பையன்களோடு ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தான். மழையில் ஊரே நின்றுபோன ஒரு மாலையில் தாராவி வழியாக சயான் வரை அவளோடு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தான். வழியெல்லாம் தன் செருப்பு அறுந்த கதையை, வாங்கிய கடை, கொடுத்த விலை, அதே செருப்பு சென்னையில் என்ன விலை என்பது வரை சொல்லி அவளைச் சிரிக்க வைத்தான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் இன்றைய ஏற்பாடு. தேதி குறிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு மும்பையா சென்னையா என்பதையும் பேசி முடிக்க வேண்டும். அவனுக்குச் சென்னைக் கிளைக்கு மாற்றல் கிடைக்கும். கேட்டால் அவளுக்கும் கிடைக்கலாம். எங்கே என்பதில் வந்தனாவுக்குப் பிடிவாதம் இல்லை. யாரோடு என்பதில்தான் அவளுக்கு அக்கறை.

வெங்கடராமன் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் உலகத்தை அவர் கொட்டேஷனாகவே பார்த்தார். பூவன் பழம் இங்கே டஜன் என்ன விலை, வாழை இலை என்ன விலை, வீட்டு வேலைக்கு வருகிறவளுக்கு என்ன சம்பளம் என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் கண்ணை மூடி, சென்னை விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரு 'ச்சு' கொட்டினார். இங்கே குழாயில் தண்ணீர் காலையும் மாலையும் மட்டும்தான் என்று கேட்டபோது அவர் முகத்தில் இரக்கம் வந்தது. வெள்ள நிவாரண முகாமைச் சுற்றிப் பார்க்க வந்த மந்திரிக்கு வருகிற இரக்கம். மேடவாக்கத்தில் நாள் முழுக்கத் தண்ணீராம். கோடையில் அந்தத் தண்ணீர் லாரியில் வருகிறது என்பதை அவர் மனைவி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். மாமி புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு காபியைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது நீச்சல் குளம். உங்களுக்கெல்லாம் நீச்சல் தெரியுமா என்று வந்தனாவின் அம்மா ஷ்யாமளா மரியாதைக்குக் கேட்டாள். தெரியாதாம். அந்த பிளாக்கிலேயே யாருக்கும் தெரியாதாம்.

"ஆனா இருக்கு. அதான் விஷயம்," என்றார் வெங்கடராமன். குளத்தின் பராமரிப்பும் சேர்த்து மாதம் ஆறாயிரம் கட்டுகிறாராம்.

யாரும் இறங்காத தண்ணீருக்கு மாதாமாதம் காசு கட்டுகிறவர் மாட்டுங்காவைப் பார்த்து 'ச்சு' கொட்டுகிறார். வந்தனாவுக்குச் சிரிப்பு வந்தது. சேர்ந்து சிரிப்பான் என்று பத்ரியைப் பார்த்தாள். அவன் தட்டிலிருந்த நேந்திரங்காய் வறுவலில் உடையாத பெரிய வட்டங்களாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அப்பாவும் லேசுப்பட்டவரில்லை. ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், மெட்ராஸுக்கு எதிராக ஒரே ஓர் அஸ்திரத்தைப் பல வருடங்களாக எண்ணெய் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்தார். "அங்க ஆட்டோக்காரன் மீட்டர் போடுவானோ?"

இப்போதெல்லாம் எல்லாம் ஆப் என்று வெங்கடராமன் சொன்னதும் அஸ்திரம் புஸ்ஸென்று போயிற்று. உடனே அப்பா லோக்கல் ரயிலுக்குத் தாவினார். காலை நேரத்தில் ஒற்றைக் கால் வைக்க இடமில்லாத அந்த ரயிலைப் பற்றிப் பெருமையடிக்கத் தனித் துணிச்சல் வேண்டும். அப்பாவுக்கு இருந்தது. இரண்டு பெரிய மனிதர்களும் ஆளுக்கொரு ஊரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மோதினார்கள். இந்த இரண்டு ஊர்களும் அவர்கள் இருவரையும் ஒரு நாளும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

"அது போகட்டும்," என்றார் வெங்கடராமன். "இது சொந்தம்தானே? மூணு கோடி போகும்னு பத்ரி சொன்னான்."

சுப்ரமணியன் பத்ரியைப் பார்த்தார். பிறகு ஒளிக்காமல் பதில் சொன்னார். "பகடியாக்கும்."

வெங்கடராமனின் கை வறுவல் தட்டுக்கு மேலே நின்றது. "என்ன சொன்னேள்?"

"பகடி. எங்கப்பா காலத்துலேந்தே பகடிதான், கேட்டேளா."

"நான் மரியாதையாக் கேக்கறேன். பிள்ளையாத்துக்காரனை உக்கார வச்சுப் பகடிங்கறேளே?"

அவர் முகம் சிவந்திருந்தது. ஏன் என்று வந்தனாவுக்குப் புரியவில்லை. அம்மா அவளைச் சமையலறைக்குள் இழுத்து, தமிழில் பகடி என்றால் கேலி என்று காதில் சொன்னாள். வந்தனாவுக்கு அது புதுச் செய்தி. மும்பையில் பிறந்து இங்கிலீஷிலும் இந்தியிலும் படித்தவள் அவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவளுக்குத் தெரிந்த பகடி ஒன்றுதான். ஆரம்பத்திலேயே ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்துப் பழைய கட்டடத்தில் குடியேறி, அதன்பின் தலைமுறை தலைமுறையாகப் பேருக்கு ஒரு வாடகை கட்டிக்கொண்டு இருப்பது. ஊர் வாயில் அது பக்டி. அப்பாவின் பாலக்காட்டு நாக்கில் கொஞ்சம் இளகிப் பகடி.

"அப்போ இத்தனை நாளா கேலிலயா குடியிருந்தோம்?" என்றாள். அம்மா சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆனால் வந்தனாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கூடத்தில் வெங்கடராமன் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்பா எங்கே தப்பு என்று தெரியாமல் மறுபடி மறுபடி பகடி, பகடி என்று விளக்கி நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். பத்ரிக்குப் பகடி என்றால் என்னவென்று தெரியும். ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா பெஞ்சில் அவளே சொல்லியிருக்கிறாள். அன்று செம டீல் என்று சிரித்தான். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் அடங்கிவிடும். அவன் சொல்லவில்லை. சொன்னால் சொந்த வீடு என்ற தன் பொய் வெளியே வந்துவிடும்.

அவளே போய் விளக்கினாள். வெங்கடராமனின் கோபம் இறங்கி, அதன் இடத்தில் இளக்காரம் ஏறியது. "அப்போ வாடகை வீடு. மாசம் என்ன குடுக்கறேள்?"

"இருநூத்தி எண்பது ரூபாய், மாமா."

வெங்கடராமன் வழக்கம்போல் கண்ணை மூடினார். சென்னை விலையைப் பக்கத்தில் வைத்தார். 'ச்சு' வரவில்லை. கண் திறக்கவும் நேரமானது.

திறந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். சுப்ரமணியன் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாடகையை ஏற்ற முடியுமா, காலி பண்ணச் சொல்ல முடியுமா, கட்டடத்தை இடித்துக் கட்டினால் என்ன தருவார்கள் என்று கேட்டார். அவர்கள் வந்ததிலிருந்து ஒரு வார்த்தைக்கும் மரியாதை கிடைக்காத அப்பா, கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொன்னார். இடித்துக் கட்டினால் புது ஃப்ளாட் சொந்தமாகவே கிடைக்கும் என்றார். கூடவே குடியிருக்கிற வாரிசின் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் சொன்னார்.

"அப்போ இப்படிப் பண்ணலாம்," என்றார் வெங்கடராமன். "கொழந்தைகள் இங்கயே இருக்கட்டும். சின்ன வயசுக்கு பாம்பேதான் லாயக்கு. நீங்க ரெண்டு பேரும் அங்க வந்துடுங்கோ. வயசானவாளுக்கு மெட்ராஸ் மாதிரி வராது. எங்க மாடிலயே என்னோட இன்னொரு ஃப்ளாட் காலியாத்தான் இருக்கு. வெளியாளுக்கு வாடகை இருபத்தஞ்சாயிரம். சம்பந்தின்னு ரெண்டாயிரம் கொறைச்சுக்கறேன்."

ஷ்யாமளா காபி டம்ளர்களை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"எப்படியும் உங்களுக்குப் பிறகு வந்தனா பேருக்கு வரணும்னா, அவ இங்க இருந்தாத்தானே?" என்று தொடர்ந்தார் வெங்கடராமன்.

அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். கறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பத்ரி இன்னொரு வறுவலைக் கடித்திருந்தான்.

வந்தனா அவனைக் கீழே வரச் சொன்னாள். வாசல் கேட்டருகே நின்று, ஏன் சொந்த வீடு என்று சொன்னான் என்று கேட்டாள்.

"அரே, அப்பாக்கு இதெல்லாம் புரியாது. கிட்டத்தட்ட ஓன் மாதிரிதானே."

"மூணு கோடி?"

"ஆன்லைன்ல ரேட் பார்த்தேன்."

அவன் வெட்கப்படாமல் சொன்னான். வந்தனாவுக்கு ஃபைவ் கார்டன்ஸ் பெஞ்சும், செம டீல் என்ற சிரிப்பும் நினைவுக்கு வந்தன. அன்று இரவே அறைக்குப் போய் ரேட் பார்த்திருப்பான்.

"உங்கப்பா எங்கப்பா மூஞ்சியைப் பார்த்து 'உங்களுக்குப் பிறகு'ன்னார். நீ அங்கதான் இருந்தே."

"அவர் அப்படித்தான், வந்து. விடு." கொஞ்சம் தயங்கினான். அவள் ஒரு கணம் நம்பினாள். "ஆனா எமோஷனல் ஆகாம யோசி. அவர் சொல்றதுல ஒரு பாயிண்ட் இருக்கு."

அழுகை வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. பத்ரியின் முகத்தைப் பார்த்தபோது, அதில் மேலே உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகம் இன்னும் வழுக்கை விழாமல் இருந்தது. இன்னும் முப்பது வருடம் போனால் இவனும் யார் வீட்டுப் படியோ ஏறி லிஃப்ட் இல்லையா என்று கேட்பான். மழையில் செருப்பு விலையைச் சொன்னபோதே கவனித்திருக்க வேண்டும். அவள் அதை வேடிக்கை என்று நினைத்துவிட்டாள். அவன் ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"மேல போய் அவாளைக் கூட்டிண்டு வா," என்றாள். "டாக்சி நான் நிறுத்தி வைக்கறேன். கவலைப்படாதே, மீட்டர் போடுவான்."

அவர்கள் இறங்கி வந்தார்கள். வெங்கடராமன் கடைசிப் படியில் நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்து, இடிக்க இன்னும் எத்தனை வருடம் ஆகும் என்று அவளிடமே கேட்டார். மாமி மட்டும் டாக்சியில் ஏறுமுன் வந்தனாவின் கையைப் பிடித்து, காபி ரொம்ப நன்னா இருந்தது என்றாள். ஒன்றும் சொல்லாமலே மாமிக்குப் புரிந்திருந்தது. பத்ரி போன் பண்ணுகிறேன் என்றான். வேண்டாம் என்றாள் வந்தனா. டாக்சிக்காரர் மீட்டரைப் போட்டார்.

அவள் மேலே வந்தபோது அப்பா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்திலேயே நவி மும்பை பக்கம் சான்பாடாவில் ஒன்று வாங்கிப் போட்டிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். அப்போது எல்லாரும் வாங்கினார்கள், தான்தான் அவ்வளவு தூரம் யார் போவார்கள் என்று சும்மா இருந்துவிட்டதாகச் சொன்னார். "தப்பு என்னோடதாக்கும். இந்தப் பகடி வீட்டால உன் கல்யாணம்..."

"வீடு பகடி இல்லைப்பா. ரெண்டு வருஷமா அவன்தான்."

அப்பாவுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று வந்தனா பயந்து கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வழியாத் தமிழ் வந்துடுத்து," என்றாள் அம்மா.

குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு மாலைத் தண்ணீரைக் கொட்டியது. வந்தனா போய் டிரம்முக்குள் குழாயைத் திருப்பிவிட்டு வந்தாள். தட்டில் இருந்தவை எல்லாம் உடைந்த துண்டுகள். அவள் தட்டை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இழுத்து வைத்தாள். மூவருமாக, துண்டு துண்டாக, அதைக் காலி செய்தார்கள்.