பதினொரு கால்

திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் ஒரு கணவனும் மனைவியும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த நாட்களில்தான் பல் டாக்டரின் வேலை வந்து சேர்ந்தது.

அதைச் சண்டை என்று சொல்லவும் முடியாது. ஒருநாள் போனில் யாரோ ஏதோ கேட்க, கணவன், "தைக்கறதுக்கு ஆள் இருக்கு, கவலைப்படாதீங்க" என்று பதில் சொன்னான். அந்த ஆள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒன்றுமே சொல்லவில்லை. ஆளுக்கு என்ன பேச்சு, அளவைக் கொடுத்தால் தைத்துத் தருகிறேன் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். இதைக் கவனிக்கவே அவனுக்குச் சில நாட்கள் பிடித்தன. கவனித்ததும் அவனுக்கும் ரோஷம் வந்து வாயைப் பூட்டிக்கொண்டான். அதன்பிறகு அளவுகளைத் துண்டுச்சீட்டில் எழுதித் தையல் மிஷின்மேல் வைத்துவிட்டுப் போவான். தொழில் முன்னைவிட ஒழுங்காகவே நடந்தது.

பல் டாக்டர் புதிதாகக் கிளினிக் திறக்கவிருந்தார். திங்கட்கிழமை திறப்பு. எட்டு ஜன்னல், ஜன்னலுக்கு இரண்டு திரை. கணவன் போய் அளந்தான். திரையின் நீளம் ஒன்றேகால் மீட்டர் வந்தது. மடிப்புகளுக்குக் கால் மீட்டர் சேர்த்து, பதினாறு திரைக்கு இருபத்துநான்கு மீட்டர் துணி வேண்டும் என்று துணிக்கடைக்காரரே கணக்குப் போட்டுச் சொன்னார். டாக்டர் கேட்ட சாம்பல் பச்சையில் கடையில் இருந்ததும் அவ்வளவுதான். வாங்கி வந்து மேஜைமேல் போட்டுவிட்டுச் சீட்டு எழுதினான்: "திரை 16. நீளம் 11/4." முதல் ஒன்றுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம். சீட்டு சின்னது. அவன் கையெழுத்தும் நெருக்கமானது.

மனைவியிடம் கால் மீட்டர் நீளத்தில் ஒரு மரக்கட்டை இருந்தது. எதையும் அதை வைத்துத்தான் அளப்பாள். மேலே பதினொன்று, கீழே நான்கு என்று பார்த்ததும், கட்டையைப் பதினொரு தடவை வைக்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டாள். மடிப்புகளுக்கு இன்னொரு கட்டை. பல் டாக்டருக்கு எதற்கு இவ்வளவு உயரமான ஜன்னல் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. கேட்கவேண்டுமானால் பேசவேண்டும். வெட்டினாள். எட்டுத் திரையோடு துணி தீர்ந்தது. தைத்து, மடித்து, கட்டி வைத்து, மேலே ஒரு சீட்டுச் செருகினாள்: "துணி பத்தவில்லை. எட்டுதான்."

இந்த மனுஷனுக்குத் துணி வாங்கக்கூடக் கணக்குத் தெரியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். இவளுக்குக் கத்தரியைப் பிடித்தால் கை நிற்காது என்று அவன் நினைத்துக்கொண்டான். இரண்டையும் யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் இரண்டும் சரியாகவே இருந்தன.

வெள்ளிக்கிழமை, இருக்கிற எட்டையாவது மாட்டிவிடலாம் என்று அவன் கிளினிக்குக்குப் போனான். ஏணியில் ஏறி முதல் திரையைக் கம்பியில் கோத்துக் கையை விட்டான். திரை ஜன்னலைக் கடந்து, ஜன்னலுக்குக் கீழே இருந்த சுவரைக் கடந்து, தரையில் போய் விழுந்து, அங்கேயும் கொஞ்ச தூரம் போனது. மூலையில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷை நிறுத்தினார்.

டாக்டர் வந்து பார்த்தார். ஷூ நுனியால் துணியைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்.

"ஜன்னல் எங்க முடியுதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன் டாக்டர்."

"அப்ப சரி" என்றார் டாக்டர். திங்கட்கிழமை காலையில் ஆட்கள் வருவார்கள் என்பதை மட்டும் நினைவுபடுத்திவிட்டு உள்ளே போனார்.

துணிக்கடையில் அந்த நிறம் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். திரைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் மனைவியிடம் எதுவும் பேசாமல் தன் தங்கைக்குப் போன் செய்தான். தங்கை ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். வீட்டில் எல்லோருமே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவளுடைய கணவர் உட்பட. உன் அண்ணி துணியை எல்லாம் பாழாக்கிவிட்டாள், வந்து என்னவென்று கேள் என்றான். பக்கத்து அறையில் இருந்த அண்ணி அதே டீச்சருக்குத் தன் போனிலிருந்து பேசி, உங்கள் அண்ணன் எழுதின அளவுக்குத்தான் தைத்தேன் என்றாள்.

சனிக்கிழமை காலை டீச்சர் வந்து சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே நகத்தை வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சரிதான்" என்றாள் கடைசியில். "அண்ணன் எழுதினது ஒண்ணேகால், கலப்பு பின்னம். அண்ணி படிச்சது தகா பின்னம்."

"தகாததுன்னு நீயே சொல்லிட்டியே" என்றான் அண்ணன்.

மேலே இருக்கிற எண் கீழே இருப்பதைவிடப் பெரியதாக இருந்தால் அதற்குப் பெயர் தகா பின்னம், மற்றபடி அதன்மேல் ஒரு குற்றமும் கிடையாது என்று டீச்சர் விளக்கினாள். மேலே பெரியதை வைத்தால் கீழே இருப்பது தாங்குமா என்று அவன் கேட்டான். சிரிப்புக்காகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பின்னம் நடந்த வாரம் முழுவதும் அவன் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறான். இன்னமும் பின்னம் என்றால் அவனுக்கு அந்த வராந்தாவின் வெயில்தான்.

டீச்சர் இரண்டு பேரையும் வெட்டும் மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தாள். கைப்பையிலிருந்து ஒரு தாளையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தாள்.

"கீழ நாலு இருந்தா அது கால். மேல இருக்கறது எத்தனை காலுங்கறது. இது பதினொரு கால்."

"நண்டுக்கே பத்துக் கால்தான்" என்றான் அண்ணன்.

"நண்டை விடு. மேஜைன்னு வச்சுக்க. நாலு காலுக்கு ஒரு மேஜை. பதினொரு கால் குடுத்தா எத்தனை மேஜை செய்வே?"

அவன் குனிந்து தன் முழங்கைக்குக் கீழே இருந்த மேஜையை ஒருதரம் பார்த்தான். "ரெண்டு. மூணு கால் மிஞ்சும்."

"அவ்வளவுதான். ரெண்டேமுக்கால். பதினொண்ணை நாலால வகுத்தா ஈவு ரெண்டு, மீதி மூணு. திரும்பிப் போகணும்னா மேஜையை எல்லாம் பிரிக்கணும். ரெண்டு நாலு எட்டு, மிஞ்சின மூணையும் சேத்தாப் பதினொண்ணு."

பிறகு பயிற்சிக் கணக்குக் கொடுத்தாள். ஏழின் கீழ் நான்கு என்ன என்று கேட்டதற்கு அவன் ஏழேகால் என்றான். டீச்சர் அதைத் தாளில் எழுதி, சிவப்புப் பேனாவால் சுழித்தாள். ஒன்பதின் கீழ் நான்குக்கு அவன் ஒன்பதேகால் என்றான்.

"உங்க அண்ணன்கிட்ட ரெண்டேகால்னு சொல்லு" என்றாள் மனைவி, டீச்சரைப் பார்த்து.

"எனக்கும் காது கேக்கும்னு உங்க அண்ணிகிட்ட சொல்லு" என்றான் அவன். ஆனால் பேனாவை வாங்கி ஒன்பதுக்குக் கீழே ஒன்பது கோடுகள் போட்டு, நான்கு நான்காக வளைத்துப் பார்த்தான். இரண்டு வளையம், வெளியே ஒரு கோடு. ஏழையும் அப்படியே வளைத்தான். அது ஒன்றேமுக்கால் ஆனது. யாரும் கேட்காமலே பதின்மூன்று, பதினேழு என்று போய்க்கொண்டிருந்தான். டீச்சர் எல்லாவற்றுக்கும் சரி போட்டாள். பழக்கதோஷத்தில் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டு, தன் வீட்டில் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பினாள்.

இருவரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மிஞ்சினார்கள். செய்தி சொல்லி அனுப்ப ஆள் இல்லை.

அவள் ஒரு திரையை மேஜைமேல் விரித்தாள். கட்டையை வைத்து மேலிருந்து ஐந்து தடவை நகர்த்தி, அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தாள். ஜன்னலுக்கு வேண்டியது அவ்வளவுதான். மிச்சத்தை எண்ணினாள். ஆறு. அந்த ஆறு கால் துணியையும் அவள் பார்த்த பார்வையில், பிடிதுணி ஆக்குவதா தலையணை உறை ஆக்குவதா என்கிற யோசனை இருந்தது.

"ஆறுல அஞ்சு போனா ஒண்ணு" என்றான் அவன்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஒரு ஜன்னலுக்கு ரெண்டு திரை" என்றான். "அஞ்சு கால் ஒண்ணு, அஞ்சு கால் ஒண்ணு. பத்து. கையில இருக்கறது பதினொண்ணு."

"வெட்டினா ரெண்டு துண்டுலயும் ஒரு ஓரம் பிரிஞ்சு நிக்கும்" என்றாள் அவள். இடையில் யாரும் இல்லாமல் அவனிடம் நேராகச் சொன்னாள். "ஒண்ணுக்குக் கீழ் மடிப்பு வேணும், இன்னொண்ணுக்கு மேல கம்பி கோக்கற மடிப்பு வேணும். ரெண்டுக்கும் சேத்து ஒரு கால் போயிடும்."

"அதான் ஒரு கால் இருக்கே."

அவள் கட்டையை எடுத்து மறுபடி அளந்தாள். பிறகு துணியைப் புரட்டிப்போட்டு இன்னொரு தடவை அளந்தாள். இருந்தது. கிழித்த கோட்டைக் கையால் தட்டி அழித்துவிட்டு நடுவில், ஐந்தரைக் கால் வருகிற இடத்தில், புதுக்கோடு கிழித்தாள். எட்டுத் திரை, பதினாறு துண்டு. வாங்கின துணியில் ஒரு விரல் அகலம்கூட வீணாகவில்லை. அவன் வாங்கின கணக்கும் சரி, அவள் வெட்டின கணக்கும் சரி. இதைத்தான் டீச்சரும் காலையில் சொன்னாள், ஆனால் அப்போது அது ஆறுதல் வார்த்தை மாதிரி இருந்தது.

அன்று முழுவதும் மிஷின் ஓடியது. அவன் மடிப்புகளை இஸ்திரி போட்டுக் குண்டூசி குத்திக் கொடுத்தான், அவள் தைத்துத் தள்ளினாள். பாதி முடிந்திருந்தபோது அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அன்னிக்கு போன்ல நான் ஆள்னு சொன்னது..." என்று ஆரம்பித்தான்.

"அதைத் தனியா பேசணும்" என்றாள் அவள். "இப்ப ஊசியில நூலைக் கோத்துக் குடுங்க. கண்ணு பூத்துப்போச்சு."

கோத்துக் கொடுத்தான். அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவனும் எடுக்காமல், அடுத்த துண்டை அவள் கேட்பதற்கு முன்பே நீட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே கிளினிக்குக்குப் போனார்கள். சாதாரணமாக மாட்டுகிற வேலைக்கு அவள் போவதில்லை. அன்று தையல் பிசகியிருந்தால் அங்கேயே பிரித்துத் தைக்கவேண்டும் என்று ஊசிப்பெட்டியோடு வந்திருந்தாள். ஒன்றும் பிசகவில்லை. திரைகள் ஜன்னலை மறைத்து, அதற்குக் கீழே கையகலம் இறங்கி நின்றன. பெயின்ட்காரர் திரையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். தலையாட்டிவிட்டு அவர் வேலைக்குத் திரும்பினார்.

கடைசி ஜன்னல் சிகிச்சை அறையில் இருந்தது. ஏணி அங்கே போனபோது நிற்க இடம் இல்லாததால் அவள் நோயாளிகளின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு திரைகளையும் மாட்டிச் சுருக்கங்களை நீவிவிட்டு அவன் இறங்கியபோது அவள் தூங்கியிருந்தாள். மடியில் ஊசிப்பெட்டி, ஒரு கை அதன்மேல்.

டாக்டர் வாசலில் வந்து நின்றார். திரையையும் பார்த்தார், நாற்காலியையும் பார்த்தார்.

"அவங்களுக்குப் பல்லுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல டாக்டர். நேத்து ஒரே நாள்ல பதினாறு திரை தைச்சாங்க" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி.

டாக்டர் உள்ளே வந்து, நாற்காலிக்குக் கீழே இருந்த மிதியைக் காலால் மெதுவாக அழுத்தினார். முதுகுப் பலகை சத்தமில்லாமல் பின்னால் சாய்ந்து, ஏறக்குறைய மட்டத்துக்கு வந்து நின்றது. பிறகு அவர் தன் அறைக்குப் போனார். கணவன் ஏணியை மடக்காமல், அதன் கீழ்ப்படியில் உட்கார்ந்து காத்திருந்தான்.