யோசிக்காமல் சொன்ன பதில்கள்

சுவாமிநாதன் விடியுமுன் எழுந்தான். கரித்தூளால் பல் விளக்கினான். கிணற்றில் இரண்டு குடம் இறைத்துக் குளித்தான். வேட்டி கட்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டான். அம்மா கந்தம்மாள் வைத்த கம்மங்கூழைக் குடித்தான். உத்தரவுக் கடிதம் கோட்டுப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். மேட்டூரில் அணை கட்டும் ஆபீசில் குமாஸ்தா வேலை. இன்று சேர வேண்டும். மனைவி கமலவேணி செத்து இருபத்தாறு நாள்.

பக்கத்து வீட்டு நாச்சிமுத்து வாசலில் வந்து நின்றார். மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு நேற்றுத்தான் ஊர் திரும்பியவர்.

“தொரை கேட்டதுக்கெல்லாம் படபடன்னு சொன்னியாமா சாமி? அதெங்க கத்துக்கிட்ட?”

கமலவேணியிடம்தான். மூன்று மாதம், தினமும் காலையில், ராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே, துரை கேட்பதுபோல் அவள் கேள்வி கேட்பாள். அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். அவளுக்கு அதில் ஓரெழுத்துத் தெரியாது. ஆனால் அவன் தயங்கினால் ராட்டை நின்றுவிடும்.

“ஏனுங்க, நூலு அறுந்துபோச்சுங்களா? தொரைகிட்டயும் இப்படித்தான் எச்சி முழுங்குவீங்களா? மறுக்காச் சொல்லுங்க.”

திக்காமல் சொல்லி முடித்தால்தான் ராட்டை மறுபடி சுற்றும். போகப்போக, எதைக் கேட்டாலும் யோசிக்குமுன் பதில் வந்து விழுந்தது.

சேலத்தில் வேலைக்கு ஆள் எடுத்த துரைக்கு அது பிடித்துப் போனது. படிப்பு, கணக்கு, கையெழுத்து எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியாகக் கேட்டார்: “அங்கே வெறும் காடும் கல்லும்தான். உன் மனைவி வரச் சம்மதிப்பாளா?”

“அவள்தான் என்னை அனுப்பியே வைத்தாள், சார்.”

துரை சிரித்தார். பெயருக்கு நேரே சரி என்று குறித்தார். அப்போது மணி பதினொன்று. அவள் உயிர் பத்தரைக்கே போய்விட்டதென்று ஊர் திரும்பிய பிறகு சொன்னார்கள்.

“பாவம், கடைசியா என்ன சொல்லுச்சு அந்தப் புள்ள?” என்றார் நாச்சிமுத்து.

கந்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “‘வேலையோட வாங்க’ன்னு சிரிச்ச மொகமா அனுப்பி வெச்சாளுங்க, மகராசி.”

அவன் சேலத்துக்குக் கிளம்பிய காலையில் அம்மா கிணற்றடியில் இருந்தாள். கமலவேணி சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. காரியத்துக்கு வந்தவர்கள் கேட்டபோது அவன்தான் அப்படிச் சொன்னான். அதுவும் தயங்காமல் வந்த பதில்.

“அப்படிங்களா சாமி?”

“ஆமாங்க.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குடையை எடுக்க உள்ளே போனான். மூலையில் ராட்டை, பாதி சுற்றிய தாரோடு கிடந்தது. அன்றைக்கும் இப்படித்தான் குடையை எடுத்தான். ராட்டைக்குப் பக்கத்தில் அவள் போர்த்திப் படுத்திருந்தாள். காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் எச்சில் விழுங்கினான். அவள் மறுபடி கேட்கவில்லை. அவன் பதில் சொல்லாமலே படியிறங்கினான்.

“ஏனுங்க, இன்னைக்கு ஒருநா போகாம இருந்தாத்தான் என்னங்க?”